பள்ளித் தேர்வும் பத்துப் பிள்ளைகளும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்க்கு வீடு கிடைப்பது முதற் கவலை; பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைப்பது இரண்டாவது கவலை. முதற் கவலை சில மாதங்களில் தீரும். இரண்டாவதோ பிள்ளை வளர வளரத் தானும் வளரும். கங்காதர நெல்லூரில் குடியிருந்து, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எங்கள் குடும்பத்தின் அனுபவம் இது. சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வாழும் சங்கத்து அன்பர்கள் பலர்க்கும் இது புதிதன்று.

இவ்வட்டாரத்தில் தமிழ் அந்நிய மொழியன்று. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆர்க்காட்டுப் பகுதிகள் அதில் சேர்ந்தன. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. கோடு நகர்ந்ததேயன்றி, கோட்டின் இருபுறமும் இருமொழியும் பேசிய மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

இத்தகைய மக்களின் பிள்ளைகளுக்கு நாட்டின் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது? 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகளோ இருப்பின், அவர்கள் தாய்மொழியில் கற்பிக்க ஓராசிரியரேனும் வேண்டும் எனத் தீர்மானித்தது. 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழியையே கொள்ளுமாறு அரசு கட்டாயப்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோர் கைக்கு வந்தது.

அவ்வுரிமையை நாம் எவ்வாறு கையாண்டோம்? 2019 நவம்பரில் ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளைப் படிப்படியாக ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டது. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. பின்னர் அரசு பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டது. ஆங்கிலம், தெலுங்கு, பிறமொழி என மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் ஆங்கிலத்தை விரும்பினர் என்றும், பிறமொழி கேட்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றும் அரசு அறிவித்தது.

இதற்காக எவரையும் குறை கூறுதல் நியாயமன்று. மெட்ரிகுலேஷன் மட்டும் தேறி, ஆங்கிலச் சுற்றறிக்கைகளோடு நாள்தோறும் மல்லாடும் எங்களுக்கு ஆங்கிலத்தின் அருமை தெரியும். ஆகையாலன்றோ எங்கள் மூத்த மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம்! நன்றாகவே படிக்கிறாள். ஒரு பொங்கலுக்குக் குடியாத்தத்திலிருந்து அவள் பாட்டி தம் கைப்பட வாழ்த்து எழுதியிருந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பா, ஆயா என்ன எழுதியிருக்காங்க? நீங்களே படிச்சுச் சொல்லுங்க” என்றாள். அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை.

அதன்பின் கைப்பேசியைத் துணைக்கொண்டோம். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்களும், 2019-இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றால் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள், மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘மழை’யை அவள் ‘மளை’ என்று உச்சரித்தால் கைப்பேசி திருத்தாது. நாங்கள் இரவு வேலைக்குச் சென்றால் கைப்பேசியும் உடன் வந்துவிடும். ஒரு சொல்லைப் போட்டியிட்டுச் சொல்ல அருகில் தோழி இல்லை. கருவி நல்ல துணையே, அது வகுப்பாகிவிடாது.

நிற்க. எங்கள் இளைய மகனுக்கு வரும் ஜூனில் பள்ளிப் பருவம். தமிழ்ப் பிரிவுள்ள அரசுப் பள்ளியொன்றில் விசாரித்தோம். தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டி, “ஒன்றாம் வகுப்பில் தமிழுக்கு ஏழு பிள்ளைகள்தாம் ஐயா. பத்தானால் ஆசிரியர் வேண்டுமென்று அழுத்திக் கேட்கலாம்” என்றார். தலை கவிழ்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வெண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தவர்கள் நாங்களும் அல்லவா?

இதுவே நாம் காணத் தவறிய உண்மை. துணிக்கடையில் ஒருவர் வேறு புடைவை எடுத்தால் மற்றவர்க்கு நட்டமில்லை. பள்ளி அத்தகையதன்று. ஒரு வீட்டார் விலகினால் பத்து ஒன்பதாகிறது. ஆசிரியர் இடம் ஆட்டங்காணுகிறது. பின் வருபவர்க்குத் தேர்ந்தெடுக்கத் தமிழ் வகுப்பே இராது. தனித்தனியே செய்யும் தேர்வு, நாளடைவில் எல்லோருடைய தேர்வையும் அழித்துவிடுகிறது.

ஆதலின் அன்பர்காள், பள்ளியைத் தேருமுன் அண்டை வீட்டாரோடு கலந்து பேசுங்கள். தமிழ் வழி இயலாதெனின், ஒரு பாடமாகவேனும் தமிழ் வேண்டுமெனப் பலராய்க் கையொப்பமிட்டு விண்ணப்பியுங்கள். ஞாயிறுதோறும் ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பிள்ளைகளை அமர்த்தி, இணையப் பாடத்தைச் சேர்ந்து படிக்கச் செய்யுங்கள். அப்போது அதுவும் வகுப்பாகும்.

எங்கள் மகனின் பெயரைத் தமிழ்ப் பிரிவில் எழுதச் சொல்லி வந்துவிட்டோம். ஆங்கிலத்தை வீட்டில் கைப்பேசி கற்பிக்கட்டும். அவன் எட்டாவது பிள்ளை. இன்னும் இருவர் வேண்டும்.