விரலில் ஒரு துளி, மறுமுனையில் ஒரு செவிலியர்

காலையில் வெறும் வயிற்றில் ஒரு குத்து. பிறகு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் ஒரு குத்து. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணின் விரல் நுனிகள் சில வாரங்களிலேயே புள்ளி புள்ளியாகிவிடும். மீட்டர் காட்டும் எண்ணை நோட்டில் குறித்து வைக்க வேண்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் யாராவது அதைப் புரட்டுவார்கள். அதற்குள் இரண்டு வாரம் ஓடியிருக்கும்; சில சமயம் நான்கு.

வயிற்றிலுள்ள குழந்தை அத்தனை நாள் காத்திருக்காது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரிவர வேலை செய்ய விடுவதில்லை. ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடுகிறது. தாயின் இன்சுலின் மட்டும் தாண்டுவதில்லை. அதனால் குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. குழந்தை கொழுத்து வளர்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும். இன்சுலின் உடனே அடங்காது. பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பொறியாளர்களும் மகப்பேறு மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய செயலி, அந்த நோட்டின் இடத்தில் வந்தது. பெயர் ஜிடிஎம்-ஹெல்த். மீட்டரிலிருந்து எண் புளூடூத் வழியாகத் தானே போனுக்குப் போய்விடும். எந்த வேளை, சாப்பிடும் முன்பா பின்பா என்று மட்டும் தாய் குறிக்க வேண்டும். மறுமுனையில் பேறுகாலச் செவிலியர் வாரம் மூன்று முறையாவது அந்த எண்களைப் பார்த்து, தேவைப்பட்டால் செய்தி அனுப்புவார்.

ஒரு பிரிவுக்குச் செயலியும் மறு பிரிவுக்கு வழக்கமான நோட்டும் என்று பிரித்து, இருநூறு பெண்களுக்குச் சற்று மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. சர்க்கரை அளவில் இரு பிரிவினருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. செயலி எழுதியவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நோட்டுப் பிரிவில் 46 சதவீதமாக இருந்த சிசேரியன், செயலிப் பிரிவில் 27 சதவீதம்தான். குறைமாதப் பிரசவமும் குறைவு. சிறிய ஆய்வு, இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. இருந்தாலும், தன் எண்ணை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தப் பெண்களுக்குத் தந்த தெம்பைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியவில்லை.

நார்வேயின் ஓஸ்லோவில் உருவான 'பிரெக்னன்ட் பிளஸ்' வேறொரு சிக்கலைக் கையில் எடுத்தது. அங்கே கர்ப்பகாலச் சர்க்கரை வரும் பெண்களில் குடியேறியவர்கள் நிறைய. ஆகவே நார்வேஜியனோடு உருதுவிலும் சோமாலியிலும் செயலியை எழுதினார்கள். உணவு ஆலோசனையையும் அவரவர் சமையலுக்கேற்ப மாற்றினார்கள். தினமும் சப்பாத்தி சுடுகிறவளிடம் ரை தானிய ரொட்டித் துண்டின் கணக்கைச் சொல்லி என்ன பயன்? எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நிரல் எழுதுவதைவிட இது கடினம். அடுப்படி வரை போய் விசாரிக்க வேண்டும்.

238 பெண்களிடம் சோதித்தார்கள். பிரசவமாகி மூன்று மாதம் கழித்து எடுத்த குளுக்கோஸ் பரிசோதனையில் இங்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பரிசோதனை முக்கியமானது. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிடும். பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் அபாயமோ மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கைக்குழந்தையோடு அல்லாடும் தாய்க்கு அந்தப் பரிசோதனைத் தேதி எங்கே நினைவிருக்கும்? செயலி அவளைத் தேடிப் போக வேண்டிய நேரம் அதுதான்.