உங்களுக்குத் தெரியுமா? எட்டு டம்ளர் கணக்கு வந்த வழி

தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று அறிவுரை சொல்லாதவர் இல்லை. இந்தக் கணக்கின் வேரைத் தேடிப் போனால், அநேகமாக 1945-ல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் தந்த பரிந்துரையில் போய் நிற்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர் நீர் தேவை என்றது அது. அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் கூடவே சொன்னது. அந்த வரியைத்தான் எல்லோரும் விட்டுவிட்டார்கள்! 2002-ல் சிறுநீரக ஆய்வாளர் ஹைன்ஸ் வால்டின் எட்டு டம்ளர் விதிக்கு அறிவியல் ஆதாரம் தேடினார், கிடைக்கவில்லை.

ரசம், மோர், காபி, டீ எல்லாமே கணக்கில் சேரும். வடித்த சோற்றில் பாதிக்கு மேல் நீர்தான். வெள்ளரிக்காயில் சுமார் 95 சதவீதம். ஆரோக்கியமானவருக்குத் தாகமே நல்ல வழிகாட்டி. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் கவலை வேண்டாம். வெயிலில் உழைப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் கூடுதலாகக் குடிக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அவ்வப்போது தண்ணீர் கொடுங்கள்.