காலி கிரேடுக்கும் கணக்கு உண்டு: ரேடியோ வில்லையின் உதவி

உத்தனப்பள்ளி வட்டாரத் தக்காளி, பிளாஸ்டிக் கிரேடுகளில் ராயக்கோட்டை, ஓசூர், பெங்களூரு மண்டிகளுக்குச் செல்கிறது. காய் விற்றதும் பணம் வருகிறது. காலி கிரேடு முழுவதும் திரும்பி வருகிறதா? ஒரு நடைக்கு 2 கிரேடு குறைந்தாலும், 30 நடை முடிவதற்குள் 60 கிரேடு போய்விடும். விலை இறங்கியிருக்கும் நாளில் இந்த நட்டமே லாபத்தைத் தின்றுவிடும். எங்கே குறைந்தது என்று தெரியாதபோது தோட்டக்காரர், வண்டிக்காரர், மண்டிக்காரர் மூவருக்குள்ளும் மனத்தாங்கல்தான் மிச்சம்.

இதற்கு ஒரு வழி, கிரேடில் ரேடியோ வில்லை பொருத்துவது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வண்டிக் கண்ணாடியில் உள்ள பாஸ்டேக் வேலை செய்வதும் இதே முறையில்தான். வில்லைக்குள் சிறு சில்லும் மெல்லிய கம்பிச் சுருளும் உண்டு, பேட்டரி இல்லை. படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தி பெற்று, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். கிரேடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை. வாசலைக் கடக்கும்போதே அடுக்கின் எண்கள் பதிவாகிவிடும். இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகள் 20 ஆண்டுகளுக்கு முன்பே, திரும்பி வரும் சுமார் 35 லட்சம் உணவுத் தட்டுகளில் இம்முறையைக் கொண்டுவந்தன.

கவனிக்க வேண்டியவை

தக்காளியில் நீர்ச்சத்து அதிகம். நீர் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். இரும்புத் தகடு அலையைத் திருப்பிவிடும். எனவே காய் நிரம்பிய அடுக்கின் நடுவிலுள்ள வில்லை சில சமயம் படிக்கப்படாது. காலி கிரேடு திரும்பும்போது எண்ணுவதே நம்பகமானது. வில்லையைக் கிரேடின் வெளிப்புறம், கைப்பிடிக்குக் கீழே ஆணியடித்துப் பொருத்த வேண்டும். காகித வில்லை ஒட்டினால், கழுவும்போது உரிந்துவிடும்.

காணாமல் போன கிரேடு இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பதை வில்லை சொல்லாது. கடைசியாக எந்த வாசலைக் கடந்தது என்பதை மட்டுமே சொல்லும். தகராறு தீர அதுவே போதும்.

செலவு

வில்லை மலிவு, படிக்கும் கருவிக்குத்தான் பணம் அதிகம். தனி விவசாயிக்கு இது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மண்டியோ சேர்ந்து வாங்குவதே முறை. வாங்கும் கருவி 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளவும். நம் நாட்டில் இதற்குத் தனி உரிமம் தேவையில்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கிரேடுகளில் வரிசை எண்ணைச் சூடு போட்டுப் பதியுங்கள். ஏற்றிய எண்ணிக்கை, திரும்பிய எண்ணிக்கை இரண்டையும் நோட்டில் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். நோட்டுக் கணக்கு சரியாக இருந்தால்தான், நாளை வில்லை வந்தாலும் பயன் தரும்.