பாடசாலையும் இசைக் கல்வியும்: ஒரு சமூகவியல் நோக்கு

இசைக் கல்வியைப் பாடசாலையின் அலங்காரமெனக் கருதி, நெருக்கடி தோன்றும்போது முதலில் அதனையே கைவிட முற்படுவோர், இசை யாருடைய உடைமை என்னும் அடிப்படை வினாவை எழுப்புவதில்லை.

ஈழத்துத் தமிழரிடையே இசைப் பயிற்சி நெடுங்காலம் பெரும்பாலும் இரு வழிகளில் நிகழ்ந்தது. நாதஸ்வரமும் தவிலும் கோயிற் சேவையுடன் பிணைந்து, குலத்தொழிலாகக் கையளிக்கப்பட்டன. வாய்ப்பாட்டும் வீணையும் ஆசிரியரை வீட்டுக்கு வருவிக்கும் வசதி படைத்த குடும்பங்களிற் பயிலப்பட்டன. முன்னதனைச் சாதியும் பின்னதனைப் பணமும் வரையறுத்தன. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், பாடவிதானத்தில் சங்கீதம் பெற்ற இடமும் இவ்வரையறைகளைத் தளர்த்தின. 1960 இல் மருதனார்மடத்தில் ஆரம்பிக்கப்பட்டு, பிற்காலத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமென வழங்கிய நிறுவனம் 1975 இல் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டமை இவ்வளர்ச்சியின் தொடர்ச்சியே. பாடசாலையிற் பயின்ற மாணவர் பட்டம் பெற்று, ஆசிரியராகப் பாடசாலைக்கே மீளும் வழி இதனால் உருவாயிற்று.

எனினும், இங்கு ஒரு முரண்பாடும் மனங்கொள்ளத்தக்கது. பாடத்திட்டத்தின் முதன்மையிடம் கர்நாடக இசைக்கே உரியது. மட்டக்களப்புக் கூத்துப் பாடல்கள், மீனவரின் அம்பா, மலையகத் தொழிலாளரின் பாடல்கள் ஆகியன, அவற்றைப் பாடும் மக்களின் பிள்ளைகளுக்கே இசையாகப் போதிக்கப்படுவது அரிது. ஆகவே, இசைக் கல்வியைப் பேணுதல் என்பது உள்ளதை உள்ளவாறே காத்தலன்று, விரிவுபடுத்திக் காத்தலாகும்.

பாடசாலை கைவிடின் இசை அழிந்துவிடாது. தனியார் வகுப்புகளில் அது தொடரும். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையோ, பாடும் உரிமையை இழந்து, பிறர் விற்கும் இசையை நுகர்வோனாக மட்டும் எஞ்சுவான். பிரச்சினை கலை பற்றியதன்று. கலையின் மீதான உரிமை பற்றியதாகும்.