அந்த அண்ணனுக்காகக் கையெழுத்திடுவது யார்?

எங்கள் அடுத்த வீட்டு அண்ணனுக்கு வயது 30. உடல் வளர்ந்த அளவிற்கு அறிவு வளரவில்லை. பாட்டனார் அவர் பெயரில் போட்டுவைத்த பணத்தை எடுக்க அவருடைய தாயார் சென்றபோது, "மகன் மேஜர் ஆகிவிட்டார், நீங்கள் கையெழுத்திட இயலாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பெற்ற தாய்க்கே உரிமை இல்லையா? தோழியரே, எனக்கும் அந்த ஐயம் எழுந்தது. விசாரித்தேன்.

18 வயது வரை பெற்றோரே இயற்கைப் பாதுகாவலர். அது நிறைந்த அன்றே அவ்வுரிமை முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு விவரம் தெரிந்ததா என்று சட்டம் கேட்பதில்லை.

இத்தகையோருக்காக ஏற்பட்டதே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகியவை உடையோர் இதில் அடங்குவர். மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தார் ஒருவர், ஊனமுற்றோர் ஒருவர் ஆகியோர் கொண்ட குழுவிடம் பெற்றோரோ உறவினரோ மனுச் செய்யலாம். பாதுகாவலர் தேவைதானா, எதற்காகத் தேவை என்பதைக் குழு ஆராயும். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்திற்குள் சொத்து, கடன் விவரங்களைக் குழுவிடம் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். சொத்தைச் சுருட்டினாலோ, ஆளைக் கவனியாது விட்டாலோ அவரை நீக்கக் கோரலாம். இந்தக் கணக்குக் கேட்கும் ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அன்பு இருக்கும் வீட்டிலும் கணக்கு இருப்பது நல்லதல்லவா?

முதுமையில் நினைவு தவறுவோர் இச்சட்டத்தில் வருவதில்லை. "பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும்" என்று பலரும் எண்ணுகின்றனர். அது பெருந்தவறு. எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் விதி. தேவைப்படும் வேளையில்தான் அது கைவிடுகிறது! 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் கண்டால் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், தம் சார்பில் பேசுபவர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனால் அது மருத்துவத்திற்கு மட்டுமே, சொத்துக்குச் செல்லாது. நினைவின்றிக் கிடக்கும் கோமா நோயாளிகளுக்குத் தனிச் சட்டம் இல்லாமையால் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடுகின்றனர். இதற்கென 2019இல் கேரள உயர் நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. குறிப்பிட்ட ஒரு காரியத்திற்கு, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் பாதுகாவலர். அவரும் தனித்து முடிவு செய்யாமல், உரியவரின் விருப்பத்தையொட்டி அவருடன் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். எங்கள் அண்ணனுக்கு நிலப் பத்திரம் விளங்காது. ஆனால் எந்தச் சட்டை வேண்டும் என்பதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது!

அவருடைய தாயார் இப்போது குழுவிற்கு மனு எழுதிவிட்டார். பாதுகாவலர் பெயர் கேட்ட இடத்தில் தம் பெயரை எழுதாமல், தம் இளைய தங்கையின் பெயரை எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 66.