திரும்பி வர ஒரு வழி

கையடக்கத் தொலைபேசியில் ஒரு செயலியைத் திறக்கின்றோம். ஒன்றை அழுத்த அடுத்த திரை வருகின்றது. பின்னுக்குப் போகும் அம்புக்குறியை அழுத்த முன்னைய திரை வருகின்றது. இது தானாக நடப்பதில்லை. எங்கே போகலாம், எப்படித் திரும்பலாம் என்று யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்கின்றார். அந்த வேலையை நான் வெள்ளவத்தையில் ஒரு வகுப்பில் கற்றேன். அதிலுள்ள பொறுப்பைக் கற்றதோ கொட்டாஞ்சேனையில், ஓர் அக்காவிடம்.

எமது சேமிப்புக் குழுவுக்காகச் சிறிய செயலி ஒன்றைச் செய்திருந்தேன். முதல் திரையில் பெயரும் விலாசமும். இரண்டாவதில் குடும்ப விபரம். மூன்றாவதில் கடன் விண்ணப்பம். 2009இல் எல்லாவற்றையும் இழந்து வன்னியிலிருந்து வந்த அந்த அக்காதான் அதை முதலில் நிரப்பினார். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எந்த வருடத்திலிருந்து இல்லை என்று ஒவ்வொன்றாகப் பதிய அரை மணித்தியாலம் சென்றது. பிறகு விலாசத்தில் ஓர் எழுத்தைத் திருத்தப் பின்னுக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டாம் திரை வெறுமையாக இருந்தது.

"தங்கச்சி, இதிலயும் முதல்ல இருந்து சொல்லவேணுமோ?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. எத்தனை கந்தோர்களில், எத்தனை படிவங்களில் அதே கதையைச் சொல்லியிருப்பார்! நானும் அந்த வரிசையில் ஒருத்தியாகிவிட்டேன்.

பிழை எங்கே? அன்ட்ரொயிட் தொலைபேசியில் திரைகள், கழுவிய கோப்பைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. கடைசியாக வைத்ததையே முதலில் எடுக்கலாம். கணனியில் இம்முறை பழையது. ஜேர்மனியில் பவுவர், சமெல்சன் என்ற இருவர் 1957இலேயே இதற்குக் காப்புரிமை கோரினர். பின்னுக்குப் போனால் மேலேயுள்ள திரை அகற்றப்படும். அதில் எழுதியதை வேறிடத்தில் சேமிக்காவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். தொலைபேசியைப் படுக்கையாகத் திருப்பினாலும், இடையில் ஓர் அழைப்பு வந்தாலும் இப்படி நேரலாம்.

ஆகவே எழுத எழுத ஒவ்வொரு விபரமும் தொலைபேசியிலேயே சேமிக்கப்படும்படி மாற்றினேன். அனுப்புமுன் எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு திரை வைத்தேன். அனுப்பியதும் படிவத் திரைகளை அடுக்கிலிருந்து அகற்றினேன். இல்லாவிட்டால், பின்னுக்குப் போய் மீண்டும் அழுத்துபவரின் பெயரில் இரண்டு கடன் விண்ணப்பங்கள் சேர்ந்துவிடும். ஒரே தொலைபேசியை வீட்டில் பலர் பாவிப்பதால், சேமித்த விபரமும் அனுப்பியபின் அழிந்துவிடும்.

திரைகளையும் அவற்றுக்கிடையே உள்ள பாதைகளையும் ஒரே வரைபடமாக வைத்திருக்க உதவும் கருவித்தொகுதி ஒன்றை 2018இல் கூகுள் அறிமுகப்படுத்தியது. நான் அதற்கும் முதல் கொப்பியில் பென்சிலால் வரைகின்றேன். இங்கே எப்படி வந்தார்? எப்படித் திரும்புவார்? திரும்பினால் எதை இழப்பார்? ஒவ்வொரு திரைக்கும் இந்த மூன்று கேள்விகள்.

அடுத்த கூட்டத்தில் அக்கா வேண்டுமென்றே பின்னுக்குப் போய்ப் பார்த்தார். "எல்லாம் அப்பிடியே கிடக்குது" என்று சிரித்தார்.

சகோதரிகளே, நீங்கள் எழுதியது ஒரு செயலியில் காணாமற்போனால் "எனக்கு இது விளங்காது" என்று தொலைபேசியைக் கீழே வைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது செய்தவரின் கவனக்குறைவே. அதை அவரிடம் சொல்லுங்கள். இத்தொழிலைப் படிக்கும் எங்கள் பெண்பிள்ளைகளும் முன்னுக்குப் போகும் பாதையோடு, இழப்பின்றித் திரும்பும் பாதையையும் எழுதப் பழகட்டும்.