‘ஓரிரு இடங்களில் மழை’... அது நம்ம வயல்தானா?

ஐப்பசி பிறந்துவிட்டால், மதுரை மாவட்டத்து வேளாண் விரிவாக்க மையங்களுக்கு வரும் விவசாயிகள் முதலில் கேட்பது உரத்தைப் பற்றி அல்ல. ‘மதுரைக்கு மழைன்னு டி.வி-யில சொன்னாங்களே, எங்க ஊர்ல ஒரு சொட்டுகூட விழலையே?’ என்பதுதான். மேலூர்க்காரர் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்கும் உசிலம்பட்டிக்காரர், ‘நேத்து ராத்திரி எங்களுக்கு வரப்பு உடையிற மாதிரி கொட்டுச்சு. அதை யாருமே சொல்லலை’ என்பார். இருவர் சொல்வதும் உண்மை. வானிலை அறிக்கையும் பெரும்பாலும் பொய் சொல்லியிருக்காது. அதில் உள்ள வார்த்தைகளை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

இது வெறும் பேச்சுக்கான விஷயம் இல்லை. பெரியாறு - வைகைப் பாசனத்தில் ஒருபோகம் மட்டும் 1,05,002 ஏக்கர். புரட்டாசி, ஐப்பசியில் நட்ட நெல் மழைக்காலத்தில் தூர் கட்டி, பனிக்காலத்தில் கதிர் பிடித்து, தையில் அறுவடைக்கு வருகிறது. மேலுரம் போட்ட அன்று இரவே மழை கொட்டினால் யூரியா வாய்க்காலோடு போய்விடும். மருந்தடித்த மறுமணி நேரம் பெய்தால் கூலியும் மருந்தும் சேர்ந்து நஷ்டம். அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்த நாளில் வயல் சேறானால் அதைச் சொல்லவே வேண்டாம்.

வார்த்தைக்கு ஒரு கணக்கு உண்டு

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒரு சில இடங்களில்’, ‘அநேக இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்று நான்கு விதமாக வரும். படிக்கிற நமக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால், ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘ஒரு சில’. 51 முதல் 75 வரை ‘அநேக’. அதற்கு மேல் ‘பெரும்பாலான’.

ஆக, ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் நான்கில் மூன்று பங்கு இடங்களில் பெய்யாது என்றும் அதற்கு அர்த்தம். அதை நம்பி இருக்கிற கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சாமல் விட்டுவிடக் கூடாது. ‘பெரும்பாலான இடங்களில்’ என்று வந்தால் உரச்சாக்கைப் பிரிக்கவே கூடாது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

‘கனமழை’யும் அப்படித்தான். நன்றாகப் பெய்தால் கனமழை என்று நாம் சொல்லிவிடுகிறோம். வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ-க்கு மேல் பெய்தால்தான் அது கனமழை. 115.6 மி.மீ-லிருந்து மிக கனமழை. 204.4 மி.மீ-ஐத் தாண்டினால் அதி கனமழை. 2.5 மி.மீ-க்குக் குறைந்தால் அந்த நாளை மழை நாளாகவே எண்ணுவதில்லை. அந்த 24 மணி நேரமும் காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. வெள்ளிக்கிழமை மாலை பெய்த மழை சனிக்கிழமைக் கணக்கில் வருவது அதனால்தான். தேதி தப்பு என்று சண்டை போட வேண்டியதில்லை.

மதுரை மழையின் குணம்

கடலோரத்து மழை வேறு, மதுரை மழை வேறு. தொண்டிக் கடற்கரையிலிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 85 செ.மீ மழை. அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஆனால், அந்த மூன்று மாதத்திலும் மழை ஒரே மாதிரி வருவதில்லை.

அக்டோபர் மழை பெரும்பாலும் இடிமழை. மதியம் வரை வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணி வாக்கில் மலைப் பக்கம் மேகம் கோபுரம்போல எழும்பும். குளிர்ந்த காற்று ஒன்று வீசும். பிறகு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். கொட்டுகிற இடம் நாலைந்து ஊராக இருக்கும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகரில் நடந்தது இந்த வகை. ஒரே நாளில் ஏறக்குறைய 10 செ.மீ. அதிலும் 3 மணியிலிருந்து 3.15-க்குள் மட்டும் 4.5 செ.மீ என்று அரசு தெரிவித்தது. செல்லூர் கண்மாய் நிரம்பி, சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படிப்பட்ட மழை எந்த ஊரில் விழும் என்று முதல் நாளே சொல்ல இன்றைக்கும் யாராலும் முடியாது. மேகம் உருவான பிறகு ‘அடுத்த மூன்று மணி நேரத்துக்கு’ என்று வருகிற எச்சரிக்கைதான் இதற்கு உதவும். காரைக்கால் ரேடார் மதுரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், அதன் கதிர் இங்கே வந்து சேரும்போது தரையிலிருந்து வெகு உயரத்தில் போகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நவம்பர், டிசம்பர் மழை வேறு ரகம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, வாடைக்காற்றோடு மேகம் உள்ளே வரும். இது நாலைந்து நாளுக்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடுகிறது. ஆனால், எங்கே மையம் கொள்ளும் என்பது கடைசி நேரத்தில்கூட மாறும். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ பதிவானது. மதுரையின் ஓராண்டு மழையைவிட அது அதிகம். மதுரைக்கு நேர் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர்தான் அந்த ஊர். அந்த மழை நூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் பெய்திருந்தால் திருமங்கலம், கள்ளிக்குடி கண்மாய்களின் கதி என்ன என்று யோசித்துப் பார்க்கலாம். சிவப்பு எச்சரிக்கை வந்து நமக்கு மழை வராமல் போனால் ‘கதை விட்டார்கள்’ என்று பேசுவது சுலபம்.

செல்போனில் ‘மதுரை - 60% மழை’ என்று காட்டுகிற செயலிகளை நம்பி முடிவெடுப்பவர்கள் இப்போது அதிகம். அந்த மதுரை என்பது வாடிப்பட்டியா, பேரையூரா என்று செயலிக்குத் தெரியாது. இந்திய வானிலைத் துறையின் கணினி மாதிரி நாட்டைச் சுமார் 12 கி.மீ கட்டங்களாகப் பிரித்துக் கணித்துவந்தது. 2025 மே மாதம் முதல் அது 6 கி.மீ ஆகியிருக்கிறது. கிராம ஊராட்சி வாரியான 5 நாள் முன்னறிவிப்பையும் மத்திய அரசு 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கியது. இவற்றோடு, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவுரையையும் பார்ப்பது நல்லது. ‘மேக்தூத்’ செயலியில் அது தமிழிலேயே கிடைக்கிறது. மழை வருமா என்பதோடு, வந்தால் பயிருக்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்வது அது ஒன்றுதான்.

வயலில் ஒரு மழைமானி

‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு உழவு மழை’ என்று நம் பெரியவர்கள் சொன்னது மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்த அளவு. இன்றைக்கும் அது நல்ல அளவுதான். அதோடு, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர் டப்பா ஒன்றை மரம், கூரை மறைக்காத இடத்தில் தரைக்கு ஓரடி உயரத்தில் நிறுத்தினால் மழைமானி தயார். காலை 8.30-க்கு ஸ்கேல் வைத்து அளந்து, நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். ஒரு மி.மீ மழை என்பது ஒரு ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 10 மி.மீ பெய்தால் 40,000 லிட்டர். மோட்டாரை எத்தனை மணி நேரம் நிறுத்தலாம் என்று கணக்குப் போட இது போதும்.

கல்லுப்பட்டி, பேரையூர் பக்கத்துக் கரிசலில் மழைக்கு முன்னால் விதைப்பவர்களுக்கு இந்த டப்பா இன்னும் முக்கியம். ஆழத்தில் போட்ட விதை முளைக்க ஏறக்குறைய 20 மி.மீ மழை தேவை. மேலாகப் போட்ட விதை 8 மி.மீ தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருவதற்குள் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று ஆண்டு எழுதிவைத்தால், ஊருக்குப் பொதுவாகச் சொல்லும் மழைக்கும் தன் வயலில் விழும் மழைக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

பனியை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும். மழையைவிட இது சுலபம். அதுவும் சாயங்காலமே சொல்லிவிடலாம்.

பனிமூட்டம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. பகலில் சூடான தரை, இரவில் அந்தச் சூட்டை மேலே விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்துளியாக மாறி நிற்கிறது. அவ்வளவுதான். இதற்கு மூன்று பொருத்தம் கூடி வர வேண்டும். தரையில் ஈரம் இருக்க வேண்டும். முந்தைய நாள் மழையோ, பாய்ச்சிய வயலோ, நிரம்பிய கண்மாயோ ஏதோ ஒன்று. இரவில் வானம் வெளுத்து நட்சத்திரம் பளிச்சென்று தெரிய வேண்டும். காற்று அடங்கியிருக்க வேண்டும். சாயங்காலம் அடுப்புப் புகை மேலே போகாமல் ஊருக்கு மேல் பட்டையாகப் படிந்து நின்றால், காலையில் பனிமூட்டத்தை எதிர்பார்க்கலாம். மேகம் மூடியிருந்தால் அது தரைக்குப் போர்வை மாதிரி. சூடு வெளியே போகாது, பனியும் இறங்காது. வாடை ஓரளவு வீசிக்கொண்டிருந்தாலும் மூட்டம் நிற்காமல் கலைந்துவிடும். வானிலைத் துறை, பார்வை தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால்தான் அதை மூடுபனி என்கிறது. நான்குவழிச் சாலையில் டிசம்பர், ஜனவரி காலைகளில் லாரிகள் முகப்பு விளக்கோடு ஊர்ந்து வருவது அந்த நாட்களில்தான்.

பனி பெய்தால் மழை இல்லை என்று ஊரில் சொல்வதற்கு இதில் காரணம் இருக்கிறது. வானம் வெளுத்தால்தானே பனி? ஆனால், அது அந்த இரவுக்கும், அதிகம் போனால் மறுநாளுக்கும் மட்டும் பொருந்தும். பருவமே முடிந்தது என்று எடுத்துக்கொள்வது ஆபத்து.

நெல்லுக்கு இந்தப் பனி நல்லதல்ல. இரவு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி வந்து, இலை பத்து மணி நேரத்துக்கும் மேல் ஈரமாகவே இருந்தால் குலைநோய்க்கு அது விருந்து. தழைச்சத்தை அள்ளிப் போட்டுக் கரும்பச்சையாக நிற்கும் வயலில்தான் முதலில் வரும். தொடர்ந்து மூன்று, நான்கு நாள் மூடுபனி இருந்தால் மீதமுள்ள மேலுரத்தைத் தள்ளிப்போட்டு, தினமும் இலையைப் பார்க்க வேண்டும். கண் வடிவப் புள்ளி தெரிந்தால் கதிர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. கழுத்தில் பிடித்துவிட்டால் பதர்தான். மருந்து தெளிப்பதைக் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்வது பலருக்குப் பழக்கம். பனிக்காலத்தில் அது வீண். இலையில் நிற்கும் பனித்துளியோடு மருந்தும் வழிந்துவிடும். வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு தெளிக்கலாம்.

அலங்காநல்லூர், நத்தம் பக்கத்து மா மரங்கள் பூக்கிற நேரமும் இதுதான். பனியும் மேகமும் மாறி மாறி வந்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தைத் தொடக்கத்திலேயே தெளித்தால் பூ தப்பும்.

மல்லிகையோ தனிக் கதை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, குளிரில் மொட்டுப் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். பொங்கலுக்கு முன் மாட்டுத்தாவணி சந்தையில் கிலோ ஆயிரங்களில் போவது அதனால்தான். அந்த விலைக்கு ஆசைப்பட்டு, நவம்பர் கடைசி வாரத்தில் செய்ய வேண்டிய கவாத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள், பங்குனி, சித்திரையில் வரவேண்டிய பெரிய பூப்பை இழப்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பனி எல்லோருக்கும் பகை இல்லை. கரிசலில் கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் கடைசி ஒன்றரை மாதத்தை இந்த ஈரத்தை வைத்தே ஓட்டுகின்றன.

தையில் மழை வராதா?

தை பிறந்தால் மழை போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் அறுவடைக்கு நாள் குறிக்கிறோம். பெரும்பாலான ஆண்டுகளில் அது சரி. 2021-ல் சரியாக இல்லை. அந்த ஆண்டு பொங்கல் சமயத்தில் தென் மாவட்டங்களிலும் டெல்டாவிலும் கொட்டிய மழையில் முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்து, நின்ற நிலையிலேயே முளைத்தது. வடகிழக்குப் பருவமழை விலகியதாக அறிவிக்கப்பட்டதே ஜனவரி 19 அன்றுதான். ஆகவே மார்கழி கடைசியிலும் வெள்ளிக்கிழமை அறிவுரையைப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும்.

மார்கழியில் கர்ப்போட்டம் பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்லும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. ஓராண்டுக்குப் பிந்தைய மழையை அதை வைத்து முடிவுசெய்ய அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால், பதினான்கு நாள் விடாமல் வானத்தை அண்ணாந்து பார்க்கிறவர், அந்தப் பதினான்கு நாளைக்காவது ஏமாற மாட்டார்.

மழை வராவிட்டாலும் பனி இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. விடிந்ததும் இயந்திரத்தை இறக்கினால் கதிரில் உள்ள பனி முழுவதும் நெல்லோடு மூட்டைக்குப் போய்விடும். பத்து, பதினொரு மணிக்குமேல் அறுக்கலாம். களத்தில் காயும் நெல்லைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். நட்சத்திரம் தெரிகிற இரவில் திறந்து கிடந்த நெல், பகல் முழுக்கக் காய்ந்ததைத் திரும்பக் குடித்துவிடும்.